குழாய்க்குக் காவலிருக்கும் முதற்குடியினர்

2011ஆம் ஆண்டு மே மாதம். கனடா நாட்டின் வடமேற்கு ஆட்சிப்பகுதியில், மெக்கன்சி ஆற்றங்கரையில் ரிக்லி என்றொரு சிற்றூர். நூற்றுச் சொச்சம் பேரே வாழும் டெனே இனத்து ஊர் அது. அவ்வூர் வேட்டைக்காரர்கள் பனி உருகிய காட்டிற்குள் செல்கையில், ஊருக்குத் தெற்கே ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில், தரையில் எண்ணெய் கசிந்திருக்கக் கண்டனர். நார்மன் வெல்ஸ் எண்ணெய் வயலிலிருந்து ஆல்பர்ட்டா மாநிலத்துச் சாமா வரை 869 கி.மீ. நீளத்திற்கு 1985ஆம் ஆண்டு முதல் மண்ணுக்கடியில் ஓடிக்கொண்டிருந்த குழாயில் ஊசித்துளை போன்றதோர் ஓட்டை விழுந்திருந்தது. அதை நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையும் அறியவில்லை, கருவிகளும் அறிவிக்கவில்லை. நிறுவனம் முதலில் வெளியேறிய எண்ணெய் 4 பீப்பாய் இருக்கலாம் என்றது. பின்னர் மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, அது 1,500 பீப்பாய் வரை இருக்கக்கூடும் என்று தன் கணக்கைத் திருத்திக்கொண்டது. ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர். எனவே 1,500 பீப்பாய் என்பது இரண்டு இலட்சத்து முப்பத்தெட்டாயிரம் லிட்டருக்கு மேல்!

இத்தனை எண்ணெய் வெளியேறியும் கருவிகள் எவ்வாறு உறங்கின என்று வாசகர்கள் வியக்கலாம். இதில் மாயம் எதுவுமில்லை. குழாயின் ஒரு முனையில் எவ்வளவு எண்ணெய் உள்ளே செல்கிறது, மறுமுனையில் எவ்வளவு வெளியே வருகிறது என்பதை அளந்து, அவ்விரண்டையும் ஒப்பிட்டு, வேறுபாடு தென்பட்டால் கசிவு என முடிவு செய்வதே இக்கருவிகளின் அடிப்படை. குழாய் உடைந்தால் அழுத்தம் சட்டென்று வீழும். உடனே அடைப்பான்கள் மூடப்படும். ஆனால் எந்த அளவுமானியும் முற்றிலும் பிழையற்றதன்று. வெப்பநிலை மாறினாலே எண்ணெயின் கன அளவும் மாறும். ஆகவே மிகச் சிறிய கசிவு, அளவுமானியின் பிழை வரம்புக்குள் ஒளிந்துகொண்டு நாள்கணக்கில், ஏன், மாதக்கணக்கில் கூடச் சொட்டிக்கொண்டிருக்க இயலும். குழாயின் உட்சுவரைச் சோதிக்க, எண்ணெயோடு கூடவே மிதந்து செல்லும் கருவியொன்றையும் அனுப்புவர். பொறியாளர்கள் அதற்கு இட்டிருக்கும் பெயர் ‘பன்றி’ என்பது! அப்பன்றியும் நாள்தோறும் ஓடுவதில்லை. நிலத்தின்மேல் நடப்பவனின் கண்ணும் மூக்குமே எஞ்சிய காவல். அந்த நிலத்தில் நடப்பவர் யார்? அங்கே வேட்டையாடி, மீன்பிடித்து, கனி பறித்து வாழும் முதற்குடியினர்தாம்.

அவ்வாறாயின் அவர்களையே முறைப்படி காவலுக்கு அமர்த்தினால் என்ன? எளிய கேள்விதான். ஆயினும் இதற்கு விடை காணக் கனடா நாட்டிற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று.

மெக்கன்சிப் பள்ளத்தாக்கில் எழுந்த குரல்

1970களின் தொடக்கத்தில், வடதுருவக் கடலோரத்து இயற்கை எரிவாயுவை மெக்கன்சிப் பள்ளத்தாக்கின் வழியே தெற்கே கொண்டுவரப் பெருங்குழாய் ஒன்றைப் பதிக்கத் திட்டம் தீட்டப்பட்டது. அதன் விளைவுகளை ஆராயும் பொறுப்பு 1974ஆம் ஆண்டு நீதிபதி தாமஸ் பெர்ஜரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் நகரத்தில் அமர்ந்து வல்லுநர்களின் அறிக்கைகளை மட்டும் படித்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவரோ 35 ஊர்களுக்கு நேரிற் சென்றார். சமுதாயக் கூடங்களிலும் மீன்பிடி முகாம்களிலும் அமர்ந்து, ஏறத்தாழ ஆயிரம் பேர் கூறிய சாட்சியத்தைச் செவிமடுத்தார். மக்கள் தத்தம் தாய்மொழியிலேயே பேசினர். கனடா வானொலி அதனை வடபுலத்து மொழிகளில் அன்றாடம் ஒலிபரப்பியது. ஓர் ஊர் மூப்பர் தம் தந்தையின் வேட்டைப் பாதையைப் பற்றிக் கூறியது நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பாலிருந்த இன்னோர் ஊரில் அன்று மாலையே கேட்கப்பட்டது. தாம் தனித்தவர் அல்லர் என்று மக்கள் உணரத் தொடங்கியது அப்போதுதான் என்று துணிந்து கூறலாம்.

கனடாவின் திருச்சபைகளும் இந்நேரத்தில் வாளாவிருக்கவில்லை. 1975ஆம் ஆண்டின் தொழிலாளர் நாளையொட்டி, கத்தோலிக்க ஆயர்கள் வடபுலத்தின் வளர்ச்சி எந்த விலைக்கு என்று வினவியே ஒரு செய்தி வெளியிட்டனர். அதே ஆண்டில் கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், ஐக்கிய திருச்சபைகள் மூன்றும் இணைந்து ‘வடபுலத் திட்டம்’ என்னும் அமைப்பைத் தொடங்கின. நிலவுரிமை தீர்க்கப்படும்வரை பெருந்திட்டங்களை நிறுத்தி வைக்கவேண்டும் என்பதே அவ்வமைப்பின் கோரிக்கை. முதற்குடியினரின் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளைப் பல பத்தாண்டுகள் நடத்திய திருச்சபைகளே இவ்வாறு அவர்கள் பக்கம் வந்து நின்றன என்பதையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அப்பள்ளிகளில் நேர்ந்த கொடுமைகளுக்காகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 25 அன்று ஆல்பர்ட்டாவின் மாஸ்குவாசிஸ் என்னுமிடத்தில் மன்னிப்புக் கேட்டார். ஆயர்களின் அந்த 1975ஆம் ஆண்டுச் செய்திக்கும் இந்த மன்னிப்புக்கும் இடையே 47 ஆண்டுகள்.

1977ஆம் ஆண்டு பெர்ஜரின் அறிக்கை வெளிவந்தது. யூக்கானின் வடபகுதியில் குழாய் வேண்டவே வேண்டாம். மெக்கன்சிப் பள்ளத்தாக்கில், நிலவுரிமை தீர்வதற்குப் பத்தாண்டுகள் பொறுத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பெருங்குழாய்த் திட்டம் கைவிடப்பட்டது. (பின்னர் 2000ஆம் ஆண்டளவில் அதே பள்ளத்தாக்கில் எரிவாயுக் குழாயொன்றில் மூன்றிலொரு பங்கு உரிமை கோரி முதற்குடியினரே ஓர் அமைப்பை உருவாக்கியதும், அத்திட்டமும் 2017இல் கைவிடப்பட்டதும் தனிக் கதை. எதிர்த்தவர்கள் குழாயை எதிர்க்கவில்லை, தங்களைக் கேளாமல் வந்த குழாயையே எதிர்த்தார்கள் என்பதற்கு இது சான்று.) ஆனால் பெர்ஜர் சொன்ன பத்தாண்டு முடியுமுன்னரே, 1985இல், சிறிய எண்ணெய்க் குழாய் ஒன்று அதே பள்ளத்தாக்கில் ஓடத் தொடங்கிவிட்டது. ரிக்லி வேட்டைக்காரர் கண்ட கசிவு அந்தக் குழாயினுடையதே.

மலை கடந்த குழாய்

இனி நாம் தெற்கே வருவோம். ஆல்பர்ட்டாவின் எட்மன்டன் நகரிலிருந்து ராக்கி மலைகளைக் கடந்து பசிபிக் கடலோரத்துப் பர்னபி வரை 1,150 கி.மீ. ஓடும் ‘ட்ரான்ஸ் மவுன்டன்’ குழாய் 1953ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. இது பதிக்கப்பட்ட காலத்தைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். நிறுவனத்தைத் தோற்றுவித்த நாடாளுமன்றச் சட்டம் 1951இல் நிறைவேறியது. அந்த 1951ஆம் ஆண்டு வரை முதற்குடியினர் தங்கள் நிலவுரிமைக்காக வழக்கறிஞரை அமர்த்தப் பணம் திரட்டுவதே குற்றம்! பசிபிக் கரையோர மக்களின் ‘பாட்லாட்ச்’ என்னும் பெருவிருந்து விழாவும் 1885 முதல் அவ்வாண்டு வரை சட்டத்தால் தடை செய்யப்பட்டிருந்தது. கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமையோ, தங்கள் சட்டப்படியான தகுதியை இழக்காமல் அவர்கள் பெற்றது 1960ஆம் ஆண்டில்தான். அதாவது, வழக்காடும் வழியும் வாக்கும் விழாவும் மறுக்கப்பட்ட மக்களின் நிலத்தில், அத்தடைகளில் சில அப்போதுதான் நீங்கிய நிலையில், குழாய் பதிக்கப்பட்டது. அன்று அவர்கள் கொடுத்ததாகச் சொல்லப்படும் இசைவிற்கு என்ன பொருள்?

2013ஆம் ஆண்டு, இக்குழாயின் அருகே இரண்டாம் குழாயொன்றைப் பதித்து, நாளொன்றுக்கு 3,00,000 பீப்பாயாக இருந்த கொள்ளளவை 8,90,000 ஆக உயர்த்த விண்ணப்பிக்கப்பட்டது. 2016 நவம்பரில் அரசு ஒப்புதல் அளித்தது. 2018இல் குழாயையே 450 கோடி டாலருக்கு அரசு வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 30 அன்று, முதற்குடியினரோடு நடந்த கலந்தாய்வு போதாது என்றும், கப்பல் போக்குவரத்தின் விளைவு ஆராயப்படவில்லை என்றும் கூறி, கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புதலை நீக்கியது. மீண்டும் கலந்தாய்வு, 2019 ஜூனில் மீண்டும் ஒப்புதல். ஸ்லேல்-வாட்டூத், ஸ்குவாமிஷ் உள்ளிட்ட குடியினர் மறுபடியும் தொடுத்த வழக்கு 2020 பிப்ரவரியில் தள்ளுபடியானது. உச்ச நீதிமன்றமும் அதை விசாரணைக்கு ஏற்கவில்லை. 2024 மே முதல் நாள் புதிய குழாய் முழு இயக்கத்திற்கு வந்தது. அதற்குள் செலவு ஏறத்தாழ 3,400 கோடி டாலரை எட்டியிருந்தது.

இப்பெரும் பூசலின் நடுவே, எதிர்த்தோரும் ஆதரித்தோரும் ஒருங்கே அமரக்கூடிய இடமொன்றை உண்டாக்கவேண்டும் என்ற எண்ணம் முதற்குடித் தலைவர் சிலரிடம் எழுந்தது. பிரேசர் ஆற்றங்கரைச் சியாம் குடியின் தலைவர் எர்னி கிரே அவர்களுள் ஒருவர். ‘குழாய் வந்தாலும் வராவிட்டாலும் பழைய குழாய் நம் வாசலில் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அதைக் கண்காணிப்பதில் நமக்குப் பங்கு வேண்டாமா?’ என்பதே இவ்வெண்ணத்தின் கரு. 2017ஆம் ஆண்டு ‘முதற்குடியினர் ஆலோசனை மற்றும் கண்காணிப்புக் குழு’ அமைந்தது. இதில் முதற்குடியினரும் மேத்தீ இனத்தாருமாக 13 பேர். கூட்டாட்சி அரசின் உயர் அலுவலர் 6 பேர். குழாய் வழியிலும் கப்பல் வழியிலுமாக 129 சமூகங்கள் இதன் வட்டத்திற்குள் அடங்கும். கிழக்கே செல்லும் ‘மூன்றாம் தடம்’ என்னும் வேறொரு குழாய்க்கும் இதே போன்ற குழு அமைக்கப்பட்டது. குழுவில் பங்கேற்பது திட்டத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்பது தொடக்கத்திலேயே தெளிவாக எழுதி வைக்கப்பட்டது. இவ்வொரு வரி இல்லையேல் பாதிப்பேர் உள்ளே நுழைந்திருக்கமாட்டார்கள்.

கண்காணிப்பாளர் காண்பது என்ன?

கனடா எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆய்வு அலுவலர்கள் குழாய்த் தடத்தைப் பார்வையிடச் செல்லும்போது, குழுவின் சார்பில் முதற்குடிக் கண்காணிப்பாளர்களும் உடன் செல்கின்றனர். தலைக்கவசமும் ஒளிரும் மேலங்கியும் அணிந்து, குறிப்பேட்டுடன் நடக்கும் இவர்களின் வேலை என்ன? வண்டல் ஆற்றில் கலவாமலிருக்கக் கட்டப்பட்ட துணிவேலி சரிந்திருக்கிறதா? மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியே குவித்திருக்கிறார்களா, அல்லது ஒன்றாகக் கொட்டிவிட்டார்களா? ஓரிடத்துக் களைவிதை இன்னோரிடத்திற்குப் பரவாதபடி இயந்திரச் சக்கரங்கள் கழுவப்பட்டனவா? வெட்டப்படும் மரத்தில் பறவைக் கூடு உண்டா? சால்மன் மீன் முட்டையிடும் காலத்தில் ஓடையில் இயந்திரம் இறங்குகிறதா? இவற்றுள் பெரும்பாலானவை எந்த ஆய்வாளரும் கேட்கக்கூடிய கேள்விகளே.

வேறு சில கேள்விகள் உண்டு. அவை இவர்களுக்கு மட்டுமே தோன்றும். ஒரு தேவதாரு மரத்தின் அடிப்பகுதியில் நீண்ட தழும்பு இருக்கும். நகரத்தான் கண்ணுக்கு அது நோயுற்ற மரம். அந்நிலத்துப் பெண்ணின் கண்ணுக்கோ, தன் முன்னோர் கூடை முடையவும் கயிறு திரிக்கவும் பட்டை உரித்த மரம் அது. மரம் சாகாதபடி ஒரு பக்கத்தில் மட்டுமே உரித்திருப்பார்கள். 1846ஆம் ஆண்டுக்கு முன் இவ்வாறு மனிதக் கை பட்ட மரங்களைப் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலச் சட்டம் தொல்சின்னமாகக் காக்கிறது. ஆனால் சட்டம் இருந்தாலும், அது இன்ன மரம் என்று அடையாளம் காட்ட ஆள் வேண்டுமே! மருந்துச் செடி எங்கே முளைக்கும், எந்தச் சரிவில் கனிப்புதர் உண்டு, எந்த மேட்டின் கீழே பழைய அடக்க இடம் இருக்கக்கூடும் என்பனவும் அவ்வாறே. இவை வரைபடத்தில் இல்லை. சிலவற்றை வரைபடத்தில் எழுத மூப்பர்கள் விரும்புவதுமில்லை. எழுதிவிட்டால் தோண்டித் திருடுவோர் வருவர் என்ற அச்சம் நியாயமானதே.

பாதுகாப்பு என்றால் எண்ணெய்க் கசிவு மட்டுமன்று. குழாய்ப் பணிக்கு வரும் ஆயிரக்கணக்கான ஆண்களுக்காகச் சிற்றூர்களின் அருகே தற்காலிக முகாம்கள் எழும்பும். காணாமற்போன, கொல்லப்பட்ட முதற்குடிப் பெண்கள் பற்றி ஆராய்ந்த தேசிய விசாரணையின் 2019ஆம் ஆண்டு அறிக்கை, இத்தகைய முகாம்களுக்கும் பெண்களுக்கெதிரான வன்முறைக்கும் உள்ள தொடர்பை வெளிப்படையாகக் கூறியது. கண்காணிப்புக் குழுவும் முகாம்களைத் தன் கவனத்திற்குள் கொண்டுவந்தது. பற்றவைப்பு மூட்டுகளைச் சோதிக்கும் பொறியாளருக்கு இக்கவலை எட்டாது. வயதுவந்த பெண்மகளைப் பெற்ற தாய்க்கு எட்டும்.

கூடுகையும் காவலே

இக்குழு குழாய் வழியெங்குமுள்ள சமூகங்களை அழைத்துக் கூடுகைகள் நடத்துகிறது. மூப்பர் ஒருவரின் மன்றாட்டும் மேளமும் இன்றி இத்தகைய கூடுகை தொடங்குவதில்லை. அரசு அலுவலர்களுக்குத் தொடக்கத்தில் இது நிகழ்ச்சி நிரலின் அலங்காரமாகப் பட்டிருக்கலாம். ஆனால் அறுபது ஆண்டுகளுக்கு மேல் எந்த மக்களின் கூடுகைக்கு அரசே இடையூறு செய்ததோ, அதே மக்கள் அதே அரசின் அலுவலர்களை எதிரே அமரவைத்து மேளம் கொட்டுகிறார்கள் என்றால், அது அலங்காரமன்று. தவிரவும், மலைக்கு அப்பால் ஆல்பர்ட்டாச் சமவெளியில் வாழும் கிரீ மக்களுக்கும் கடலோரச் சேலிஷ் மக்களுக்கும் மொழி வேறு, உணவு வேறு, வழிபாடு வேறு. ஒரே குழாயின் ஓரத்தில் வாழ்கிறோம் என்பதைத் தவிர அவர்களை இணைப்பது சிறிதே. ஓரூரில் நேர்ந்த தவற்றை இன்னோரூர் அறிவது இத்தகைய சந்திப்புகளில்தான். உணவு மேசையருகே, ஆவணங்களில் ஏறாத பேச்சில்.

எட்மன்டனுக்கு மேற்கே ஏறத்தாழ 75 கி.மீ. தொலைவில், இக்குழாய்த் தடத்திற்கு வடக்கே, புனித அன்னம்மாள் ஏரி உள்ளது. நகோட்டா மொழியில் ‘இறைவனின் ஏரி’ என்னும் பொருளுடைய பெயர் அதற்கு முன்பே இருந்தது. மறைப்பணியாளர் 1844இல் அங்கே பணித்தளம் அமைப்பதற்கு வெகு காலம் முன்னரே அம்மக்கள் கோடையில் அங்கே கூடி வந்தனர். 1889 முதல் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் திருப்பயணம் நடைபெறுகிறது. முதற்குடியினரும் மேத்தீ மக்களும் பல்லாயிரவராய்க் கூடாரமடித்துத் தங்கி, ஏரி நீரில் இறங்கி நின்று செபிக்கின்றனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 26 அன்று, புனித அன்னம்மாள் திருநாளிலேயே, அங்கு வந்து நீரை ஆசீர்வதித்தார். பாட்டியின் பெயர் தாங்கிய ஏரி. பாட்டிமாரைத் தலைமேல் வைத்துப் போற்றும் மக்கள். ‘நீர் புனிதமானது’ என்று அவர்கள் சொல்லும்போது அது சுற்றுச்சூழல் முழக்கமாக அல்லாமல், வீட்டுப் பேச்சாகவே ஒலிக்கும். பிரேசர் ஆற்றின் ஸ்டோலோ மக்களோ, ஆண்டின் முதல் சால்மனைப் பிடித்ததும் ஊரோடு பகிர்ந்துண்டு, அதன் எலும்புகளை நன்றியுடன் ஆற்றுக்கே திருப்பிக் கொடுப்பார்கள்.

எட்டாத கை

இத்தனையும் கூறியபின், இக்கண்காணிப்பாளருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் உண்டா என்று கேட்டால், இல்லை என்பதே விடை. கண்டதை உடன்செல்லும் ஆய்வு அலுவலரிடம் சொல்லலாம்; ஆணையிடும் அதிகாரம் அலுவலருடையது. கம்லூப்ஸ் நகருக்கு அருகிலுள்ள பிப்செல் என்னும் ஏரிப்பகுதி செக்வெபெம்க் மக்களுக்குத் திருத்தலம் போன்றது. அங்கே ஏறத்தாழ 1.3 கி.மீ. தூரத்திற்கு நிலத்தின் மேற்பரப்பைக் கீறாமல், நுண்சுரங்கம் குடைந்து குழாயைச் செலுத்துவதாக நிறுவனம் முன்பு இசைந்திருந்தது. பாறை கடினமாயிருக்கிறது, காலமும் செலவும் மிகுகின்றன என்று கூறி, பின்னர் திறந்த அகழி வெட்ட அனுமதி கேட்டது. அம்மக்கள் கடுமையாக எதிர்த்தனர். 2023 செப்டம்பரில் ஆணையம் நிறுவனத்தின் வேண்டுகோளை ஏற்றது. குழுவும் இருந்தது, கண்காணிப்பாளரும் இருந்தனர். அகழி வெட்டப்படுவதைத் தடுக்க இயலவில்லை. இதைக் கண்டு, எல்லாம் வெறுங்கண்துடைப்பே என்பாரும் உளர். அவர்களை எளிதில் மறுக்க முடியாது. ஆயினும், வண்டல் வேலி சரிந்த இடத்தில் அன்றே அதைச் சரிசெய்ய வைத்த நூறு சிறு குறிப்புகள் செய்தித்தாளுக்கு வருவதில்லை என்பதையும் எண்ணவேண்டும்.

பிரேசர்ப் பள்ளத்தாக்கில் சூமாஸ் குடியினரின் கதை இன்னும் கூர்மையானது. 2020 ஜூன் 13 அன்று அவர்கள் ஊருக்கருகில் உள்ள இறைப்பு நிலையத்தில், ஓர் அங்குலக் குழாயிணைப்புப் பழுதுபட்டு, 1,90,000 லிட்டர் வரை எண்ணெய் வெளியேறியது. அப்பகுதி அவர்களுடைய முன்னோர் துயிலும் நிலத்தையொட்டியது. 15 ஆண்டுகளில் இது நான்காவது கசிவு என்று அவர்கள் தலைவர் டால்ட்டன் சில்வர் கூறினார். அந்த மேட்டிற்குக் கீழே விரிந்து கிடப்பது சூமாஸ் சமவெளி. ஒரு காலத்தில் அது வயலன்று, ஏரி. மீனும் நீர்ப்பறவையுமாய் அம்மக்களுக்குச் சோறிட்ட ஏரி. குடியேறியவர்களின் உழவுக்காக அதை 1924இல் வடித்து வற்றச் செய்தார்கள். ஏரி போயிற்று, அம்மக்களின் நினைவிலிருந்து மட்டும் போகவில்லை.

2021 நவம்பர் 14, 15 ஆகிய நாள்களில் அம்மாநிலத்தில் வரலாறு காணாத மழை கொட்டியது. கோக்கிஹல்லா, கோல்ட்வாட்டர் ஆறுகள் கரையை அரித்துப் பாதை மாறி ஓடின. மண்ணுக்கடியில் கிடந்த பழைய குழாய் சில இடங்களில் வெளியே தெரிந்தது. முன்னெச்சரிக்கையாக மூடப்பட்ட குழாய் மீண்டும் திறக்கப்பட மூன்று வாரங்களாயின. அவ்வாரங்களில் சூமாஸ் சமவெளியில் பண்ணைகளும் நெடுஞ்சாலையும் நீருக்குள் மூழ்கின. 97 ஆண்டுகளுக்கு முன் வடிக்கப்பட்ட ஏரி, தன் பழைய கரை எதுவென்று எவரும் காட்டாமலே அறிந்து, அங்கே வந்து நின்றது.